உண்மை விளக்கம்: கம்லூப்ஸில் 215 சடலங்கள் தோண்டி எடுக்கப்பட்டனவா?

"கனடாவில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய பள்ளியில் 215 பழங்குடிக் குழந்தைகளின் சடலங்கள் தோண்டி எடுக்கப்பட்டன" என்ற பதிவு மறுபடியும் சுற்றுகிறது. தவறு. அந்தப் பள்ளி இருந்த கம்லூப்ஸ் நகரில் சடலங்களைத் தேடித் தோண்டவே இல்லை.

2021 மே மாதம் அந்த மண்ணின் பழங்குடிச் சமூகம் அறிவித்தது ரேடார் ஆய்வின் முடிவை. தள்ளுவண்டி போன்ற கருவியை நிலத்தின் மேல் கோடு கோடாக நகர்த்துவார்கள். உள்ளே போகும் அலை, மண் கலைந்திருக்கும் இடத்தில் வேறு மாதிரித் திரும்பும். எலும்பு அதில் தெரியாது. மர வேரும் பழைய குழாய்ப் பள்ளமும்கூடக் குழியைப் போலவே காட்டலாம். அந்த நிலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே தொல்லியல் ஆய்வுக்காகத் தோண்டப்பட்டிருந்ததால், ஜூலையில் இப்படிச் சந்தேகிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை 215-லிருந்து சுமார் 200 ஆகக் குறைந்தது. 'கல்லறையாக இருக்கக்கூடிய இடங்கள்', அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் எல்லாமே கட்டுக்கதை" என்று கிளம்புபவர்கள் அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்கிறார்கள். பழங்குடிக் குழந்தைகளுக்காக அரசு நிதியில் திருச்சபைகள் நடத்திய இத்தகைய உறைவிடப் பள்ளிகளுக்குச் சென்றவர்கள் சுமார் 1,50,000 பேர். இறந்தவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஆவணங்களிலிருந்தே தொகுக்கப்பட்டுள்ளன. ரேடாருக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. காற்றோட்டமற்ற விடுதிகளில் காசநோய் பரவுவதை அரசு மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907-லேயே எழுதிவைத்தார். உடலை ஊருக்கு அனுப்பும் செலவை அரசு பெரும்பாலும் ஏற்கவில்லை. பல பிள்ளைகள் பள்ளி வளாகத்திலேயே புதைக்கப்பட்டது அதனால்தான்.

"போப் மன்னிப்பே கேட்கவில்லை" என்பதும் பொய். 2022 ஜூலை 25 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள மாஸ்குவாச்சிஸில் போப் பிரான்சிஸ் நேரில் மன்னிப்புக் கேட்டார். இப்பள்ளிகளில் சிலவற்றை நடத்திய ஆங்கிலிக்கன் திருச்சபை 1993-லேயே கேட்டுவிட்டது.