புகைமூட்டமும் புற்றுநோயும்: வாட்ஸ்அப்பில் வரும் பாதி உண்மை

“புகைமூட்டத்தால் இருமல்தான் வரும். புற்றுநோய் சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டுமே. கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்கள் வானம் தெளியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள்.” கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் குடும்பக் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது.

முதல் வரி அரைகுறை. இரண்டாவது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் வெளிக்காற்று மாசை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான். முக்கியக் குற்றவாளி பிஎம்2.5: 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். துணி முகக்கவசம் இதைச் சரியாகத் தடுக்காது, நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசம் தேவை.

அதற்காக, இரண்டு வாரப் புகையில் புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். ஆபத்து பல ஆண்டுகளாகச் சேர்வது. சொல்லப்போனால், தினமும் நெரிசலில் நாம் குடிக்கும் வாகனப் புகையைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை!

பருவநிலைக்கும் இதில் பங்குண்டு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ காலத்து வறட்சியில், இந்தோனேசியாவின் சுமத்திரா தீவில் மட்கிய தாவரங்கள் நிறைந்த கரிச் சதுப்பு நிலங்கள் காய்ந்து எரிகின்றன, 2015இல் பட்டோமே. எல்லை தாண்டும் புகையைத் தடுக்க ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது, இந்தோனேசியா ஏற்றதோ 2014இல்.

மூன்றாவது வரிதான் உண்மையிலேயே ஆபத்தானது. கீமோவை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சைத் தேதியை மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.