ஒன்பது பேர் போட்டோவில் இல்லாத ஆறு பேர்

எங்கள் செட் வாட்ஸ்அப் குரூப்பில் போன ஞாயிறு ஒரு போட்டோ. கீழக்குயில்குடி சமணர் மலை, பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அதற்குக் கீழே வரிசையாக ஒன்பது பேர், தொப்பியும் ஷூவுமாக. எல்லாருக்கும் 66 ஆகிவிட்டது. "நமக்கு இன்னும் இருபதுதான்" என்று அடியில் ஒரு வரி. நானும் கைதட்டல் பொம்மை போட்டேன். அப்புறம்தான் தலையை எண்ணினேன். ஒன்பதும் ஆண்கள்.

1976-ல் மதுரையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தோம். பள்ளி முடித்து ஒரு வருஷம் பி.யு.சி. படித்த காலம், பிளஸ் டூ 78-ல்தான் வந்தது. வகுப்பில் 36 பேர், அதில் பெண்கள் ஆறு. முதல் பெஞ்சிலிருந்து நாங்கள் ஆறு பேரும் மூன்று வருஷம் திரும்பிப் பார்த்ததில்லை. லேபில் ஒரு பிப்பெட் வேண்டுமென்றாலும் அட்டெண்டர்தான் தூது. அந்தப் பையன்கள் இப்போது விடியற்காலை ஐந்துக்கே குட்மார்னிங் சொல்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பைபாஸ் ஆனவர் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறார். கடைசி பெஞ்ச்காரர் இந்த வயதில் ஆர்மோனியம் கற்கிறார் (கேட்கத்தான் முடியவில்லை). ஆனால் "மனசு இளமையாக இருந்தால் போதும்" என்று எழுதும்போதுதான் எனக்குச் சுருக்கென்கிறது. கருவூலத்தில் 36 வருஷம் பென்ஷன் பில் பார்த்தவள் நான். அந்த ஒன்பது பேருக்கும் மாசம் பிறந்தால் பென்ஷன். போட்டோவில் இல்லாத, மில்லில் கணக்கு எழுதிய இன்னொருவருக்கு பி.எஃப். பென்ஷன், அதில் 2014-லிருந்து குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய். அவர் இன்னும் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவரும் 'ஆக்டிவ்'தான், போட்டோ போடுவதில்லை.

சரி, பெண்கள்? எனக்கு 2017-ல் 58 முடிந்து ரிட்டயர் ஆனேன். (மூன்று வருஷம் கழித்து 59 ஆக்கினார்கள், அதற்கடுத்த வருஷம் 60. என் நேரம்.) சால்வை, மாலை, பாராட்டுரை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஐந்தரைக்கு அதே அடுப்பு. திருமங்கலத்துக்காரி மூன்று பிரசவத்துக்கு மூன்று தடவை அமெரிக்கா போனாள். நயாகரா பார்த்தாயாடி என்றால், "பாத்திரம் கழுவுற சிங்க்கை நல்லாப் பார்த்தேன்" என்கிறாள். இன்னொருத்தி பெங்களூரில் மகன் வீட்டில். பேரப்பிள்ளைகள் பாரம் என்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் எங்களில் யாரையும் "உனக்குத் தோதுப்படுமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

அதனால் மதுரையில் இருக்கும் நாங்கள் நாலு பேர் வியாழக்கிழமை கிளம்பினோம். ஞாயிறு எங்களுக்கு எங்கே லீவு? பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம், டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ரயிலில் 58 தாண்டிய பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திரும்பவில்லை. அதனால் தூரப் பயணம் என்றால் மகனிடம் கேட்க வேண்டும். டவுன் பஸ்ஸுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

என் முட்டிக்குப் படி ஏற ஒரு மணி நேரம் ஆனது. மேலே சுனைப் பக்கம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து. ஒரு எழுத்தும் புரியாமல் நாலு பேரும் தடவித் தடவிப் பார்த்தோம். இறங்கி அய்யனார் கோயில் தாமரைக் குளத்தில் கால் நனைக்கலாம் என்றால், மூன்றரைக்கு ஒருத்திக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். ஓடிவந்தோம்.

போட்டோவைக் குரூப்பில் போட்டேன். "எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே?" என்று பைபாஸ்காரர் கேட்டார். "காலைல டிபன், மதியச் சமையல் ரெண்டையும் முடிச்சு வச்சுட்டு ஒன்பதுக்குப் பெரியாருக்கு வாங்க" என்று போட்டேன். இரண்டு நாள் குரூப்பே கப்சிப்.

மூன்றாம் நாள் ஆர்மோனியக்காரர் தான் வைத்த ரசத்தைப் படம் பிடித்துப் போட்டார். அதற்கும் கைதட்டல் குவிந்தது. அடியில் திருமங்கலத்துக்காரி கேட்டிருக்கிறாள்: "பாத்திரம் யாரு கழுவினது?"

இன்னும் பதில் வரவில்லை.