ரிக்கி லாம்பர்ட்டும் ராஸ்டேல் அணியும்

கால்பந்து வீரர் ரிக்கி லாம்பர்ட் பெயரை எடுத்தாலே பீட்ரூட் ஃபேக்டரியில் பாட்டிலுக்கு மூடி போட்டவர், பிறகு இங்கிலாந்துக்கு ஆடினார் என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். உழைத்தால் உயரலாம் என்பதற்கு அவரை ஒரு போஸ்டராக மாற்றியாகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நடுவில் இருக்கும் பத்து வருடத்தை யாரும் பேசுவதே இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

லிவர்பூல் அகாடமி 15 வயதில் வேண்டாம் என்றது. பிளாக்பூலும் அனுப்பிவிட்டது. அந்த இடைவெளியில்தான் பீட்ரூட் வேலை. அப்புறம் மேக்கில்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட். 2005-இல் ராஸ்டேல்.

இந்த ராஸ்டேலில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது நான்காம் டிவிஷன், உச்சியில் இருக்கும் பிரீமியர் லீக்குக்கு மூன்று படி கீழே. அங்கே அவருக்கு ஜோடியாக ஆடிய ஸ்ட்ரைக்கர் கிராண்ட் ஹோல்ட். அவரும் டயர் வேலை பார்த்துக்கொண்டே பாரோ அணிக்கு ஆடிவிட்டு வந்தவர் (சிங்கப்பூரில் செங்காங் மரீன் அணிக்கும் கொஞ்ச காலம் ஆடியிருக்கிறார்). ஹோல்ட் 2011-12 பிரீமியர் லீக் சீசனில் 15 கோல் அடித்தார். அடுத்த சீசனில் லாம்பர்ட் 15 கோல் அடித்தார். ராஸ்டேலின் ஒரே முன்வரிசையில் நின்ற இரண்டு பேர்! அப்போது எந்தப் பெரிய கிளப்பும் இவர்களைத் தேடி வரவில்லை. அதன் பிறகும் பல வருடம் வரவில்லை.

எப்படித்தான் மேலே போனார்கள்? கிளப்போடு சேர்ந்து போனார்கள். ஹோல்ட் நாரிச்சோடு, லாம்பர்ட் சவுத்தாம்டனோடு, இருவருமே மூன்றாம் டிவிஷனிலிருந்து அடுத்தடுத்து புரமோஷன் (சீசன் முடிவில் முன்னணியில் வரும் கிளப் மேல் டிவிஷனுக்குப் போவது) வாங்கி ஏறியவர்கள்.

லாம்பர்ட்டை சவுத்தாம்டன் எடுத்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. 2008-இல், மேல் கீழ் டிவிஷன் கிளப்புகள் எல்லாம் மோதும் எஃப்.ஏ. கோப்பையில், லாம்பர்ட் அப்போது ஆடிய பிரிஸ்டல் ரோவர்ஸ் சவுத்தாம்டனை 1-0 என்று வெளியேற்றியது. கோல் லாம்பர்ட்டின் ஃப்ரீ கிக். அடுத்த சீசனில் ரோவர்ஸுக்காக லீக்கில் மட்டும் 29 கோல் அடித்தார். 2009-இல் சவுத்தாம்டன் கடனில் மூழ்கி, மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி, அதற்குத் தண்டனையாகப் புது சீசனை மைனஸ் 10 புள்ளியில் தொடங்கிய நேரத்தில் அவரை வாங்கினார்கள். உடம்பைக் குறை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் மேனேஜர் ஆலன் பார்டியூ. அதற்கு முன் யாரும் அந்த அக்கறையைக்கூடக் காட்டவில்லை. அந்த சீசனில் லீக்கில் 30 கோல். 2011-12-இல் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் 27 கோல், அந்த டிவிஷனிலேயே அதிகம். சவுத்தாம்டனுக்காக அவர் அடித்த 34 பெனால்டியில் ஒன்றுகூடத் தவறவில்லை.

வேகம் இல்லை என்பதுதான் ஸ்கவுட்டுகள் அவர்மேல் சொன்ன குறை. சரி, வேகம் இல்லைதான். ஆனால் கொஞ்சம் பின்னால் இறங்கி வந்து, பந்தை நெஞ்சில் வாங்கி, பக்கவாட்டில் ஓடுகிறவனுக்கு அளந்து கொடுப்பாரே, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? 2013-14-இல் பிரீமியர் லீக்கில் 13 கோல், 10 அசிஸ்ட் (இன்னொருவர் கோல் அடிக்கக் கொடுத்த பாஸ்). வெறும் தலையால் முட்டுகிறவனுக்கு 10 அசிஸ்ட் வராது.

2013 ஆகஸ்ட், வெம்ப்ளி, எதிரே ஸ்காட்லாந்து. 31 வயதில் முதல் இங்கிலாந்து ஆட்டம். ரூனிக்குப் பதிலாக இறங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பெய்ன்ஸ் அடித்த கார்னர் உள்ளே வருகிறது, லாம்பர்ட் எழும்பி முட்டுகிறார், கோல். அவருடைய முதல் டச் அது. 3-2, வெற்றி கோலும் அதுதான். அந்த வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து பாருங்கள்.

அடுத்த வருடம் லிவர்பூல் அவரை வாங்கியது. ஒரு பிரீமியர் லீக் கிளப் காசு கொடுத்து அவரை வாங்கியது அதுதான் முதல்முறை. அப்போது வயது 32. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாக சூப்பர் லீக் என்று ஒன்றை அறிவித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் லாம்பர்ட்தான். அதைத் தொடங்கும் கிளப்புகள் எவ்வளவு தோற்றாலும் லீக்கிலிருந்து இறக்கமே கிடையாது என்பது அதன் திட்டம். இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கி இரண்டு மூன்று நாளில் அதைச் சாய்த்தார்கள். பெரிய கிளப்புகளின் கண்ணில் படாதவனுக்குக் கீழிருந்து ஏற ஒரே படிக்கட்டு இந்த புரமோஷன்தான். அதை அடைக்க மறுபடி யார் வந்தாலும் நான் எதிர்ப்பேன்.