முதல் பக்கத்தை மட்டும் ஏன் நீக்கினார்கள்?

கடந்த வாரக் கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர்களான நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கிய பத்தாம் வகுப்புக் கணிதப் பயிற்சித்தாள்களில், எங்கள் பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை மட்டும் நீக்கி, மற்ற பக்கங்களின் குறுக்கே தன் முத்திரையைப் பதித்து, ‘அனைத்து உரிமைகளும் எங்களுக்கே’ என்று அடியில் எழுதி ஒரு பயிற்சி நிறுவனம் விற்றுக்கொண்டிருக்கிறது.

“இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது ஏன் புலம்புகிறீர்கள், டீச்சர்?” என்கிறார்கள். அந்தத் தாள்கள், படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றின்கீழ் வெளியிடப்பட்டவை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். உருவாக்கியவரின் பெயரைச் சொல்ல வேண்டும், அதே உரிமத்தில் பிறருக்கும் விட வேண்டும், கேட்பது இவ்வளவுதான். விற்றதில் எனக்கு வருத்தமே இல்லை, பெயரை எடுத்ததில்தான் வருத்தம். இது நாங்கள் புதிதாகக் கிளப்பிய வழக்கமும் அன்று. இத்தகைய உரிமங்கள் 2002 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபெட் (PhET) என்னும் அறிவியல், கணிதக் கணினிச் செயல்விளக்கங்களை நம் வகுப்புகளில் காசில்லாமல் ஓட்டுகிறோமே, அவர்களும் பெயரைக் குறிப்பிடத்தான் சொல்கிறார்கள்.

அந்தத் தாள்கள் எப்படி உருவாயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளில் படம் வரைந்து, காணொலியாகவும் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவதால் பார்க்க முடியவில்லை என்று ஒரு மாணவி சொன்னாள். அவளுக்காகவே, கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி எல்லாப் படங்களையும் மீண்டும் வரைந்தோம். கோடுகள் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன என்பது முத்திரை குத்தியவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

“அரசுச் சம்பளத்தில் செய்ததுதானே” என்று ஓர் அறிவாளி கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இரவு பதினொரு மணிக்கும் சம்பளம் தருகிறார்கள் என்றால் அந்த விண்ணப்பப் படிவத்தை எனக்கும் அனுப்பி உதவவும். வழக்குப் போடச் சொல்பவர்களுக்கு நன்றி. வக்கீல் கட்டணத்தையும் அவர்களே ஏற்றால் யோசிக்கலாம். பெயருக்கு அலைகிறேன் என்கிறீர்களா? ஆம், அலைகிறேன். பாடத்தில் ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்று இன்னோர் ஊர் ஆசிரியருக்குத் தெரிய வேண்டாமா?

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. அதே நிறுவனத்தின் விளம்பரத்தில், அரசுப் பள்ளிகளில் பாடமே நடப்பதில்லை, பிள்ளைகளை எங்களிடம் அனுப்புங்கள் என்று ஒருவர் சிரித்தபடி பேசுகிறார். பாடம் நடத்தாத நாங்கள் எழுதிய கணக்குகளைத்தான் அவர் கையில் பிடித்திருக்கிறார்! இத்தனை ஆண்டுகளாக இந்த ஏளனத்தைக் கேட்டுப் பழகிவிட்டோம், ஆனால் எங்கள் தாளையே நீட்டி எங்களை ஏசுவது புதிது.

எட்டாம் வகுப்புத் தாள்கள் அடுத்த வாரம் வரும், அதே உரிமத்தில்தான். முதல் பக்கம் அந்த நிறுவனத்திடம் தொலைந்துபோயிருந்தால், அதன் கோப்பு எங்கள் குழுவில் இருக்கிறது; தாராளமாக இறக்கிக்கொள்ளட்டும்.