ரத்தம் சரியில்லையாம்!

“உங்க அம்மா ரத்தம் அப்படி சார், நாங்க என்ன பண்ண முடியும்?” லேப் ரிசப்ஷனில் இருந்த பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது இது. இரண்டு நாளாக வயிறு எரிகிறது. எழுதிக் கொட்டினால்தான் அடங்கும்.

அம்மாவின் ரத்தப் பரிசோதனைக்காக முந்தின நாளே லேபுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தேன். “பாஸ்டிங். தண்ணிகூடக் குடிக்கக் கூடாது” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஆரம்பமே தப்பு. சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் வெறும் வயிறு என்றால் சாப்பாடுதான் கூடாது. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சொல்லப்போனால் குடித்தால்தான் நரம்பு சுலபமாகக் கிடைக்கும். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவள், அதற்கப்புறம் நாக்கைக்கூட நனைக்கவில்லை.

ஏழு மணிக்குத் திறப்போம் என்று கதவில் எழுதியிருக்கிறது. பொய் இல்லை, கதவைத் திறந்தார்கள். ரத்தம் எடுக்கிறவர் வந்தபோது ஏழு ஐம்பது. எங்கள் டோக்கன் நாலு. மூன்று பேர்தானே என்று உட்கார்ந்தால், பின்னால் வந்தவர்களெல்லாம் “ஆன்லைன் புக்கிங்” என்று நேராக உள்ளே போகிறார்கள். எட்டேமுக்காலுக்கு அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியில் வியர்வை. ஓடிப்போய்ச் சொன்னேன். “எல்லாரும் வெறும் வயித்துலதான் சார் உக்காந்திருக்காங்க.” அவ்வளவுதான் பதில். சண்டை போட்ட பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

இனிமேல்தான் கூத்து. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிய மனிதருக்குப் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேச்சு. பட்டை அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் அதை இறுக்கி வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பால பாடம். இடது கையில் ஒரு குத்து, கிடைக்கவில்லை. ஊசியை வெளியே எடுக்காமலே உள்ளுக்குள் இப்படியும் அப்படியும் துழாவினார். வலது கையில் ஒன்று. கடைசியில் புறங்கையில். “தண்ணி குடிக்காம வந்தா இப்படித்தாம்மா, நரம்பே தெரியாது” என்று அறிவுரை வேறு! சிரிஞ்சில் வந்த ரத்தத்தை ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி என்று மூன்று குழாய்களிலும் அழுத்திப் பீய்ச்சினார். பெயர் எழுதாமலே தட்டில் போட்டார். “அப்புறம் எழுதிக்கலாம்.” அந்தத் தட்டில் ஏற்கெனவே யார் யாருடையதோ கிடந்தன. எழுதும்வரை நான் நகரவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் தயார் என்று குறுஞ்செய்தி. திறந்தால் பொட்டாசியத்துக்கு எதிரே எண் இல்லை, “ஹீமோலைஸ்டு சாம்பிள், ரிப்பீட்” என்று ஒரு வரி. அதாவது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, இல்லாத அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் எண் போடாமல் விட்டது சரிதான், அந்த நேர்மையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மறுநாள் காலை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. மாதிரி வீணானது தெரிந்த நிமிடமே ஒரு போன் செய்திருக்கலாமே? பேச நேரமில்லாதவர்களா அவர்கள்? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறவர்கள் ஆயிற்றே!

நேரில் போய்க் கேட்டதற்குத்தான் அந்தப் பதில், ரத்தம் அப்படியாம். அணுக்கள் இப்படி உடைவது பெரும்பாலும் எடுக்கும் விதத்தால்தான்: இறுக்கிய பட்டை, துழாவிய ஊசி, பீய்ச்சிய சிரிஞ்சு. மூன்றையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “திரும்ப வெறும் வயித்துல வாங்க, புது பில் போடணும்” என்றாள். பொட்டாசியத்துக்கு எதற்கம்மா வெறும் வயிறு என்றேன். “ரூல்ஸ் சார்.” எந்த ரூல்ஸ்? அவர்கள் கெடுத்ததற்கு நாங்கள் காசு கட்டும் ரூல்ஸ் எங்கே எழுதியிருக்கிறது? மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். முக்கால் மணி நேரம் நின்றேன், மீட்டிங் முடியவில்லை.

வேறு லேப் பார்த்தாகிவிட்டது. நாளைக் காலை போகிறோம். அம்மாவின் புறங்கையில் இன்னும் கருநீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. “தண்ணி குடிச்சுட்டு வரலாம்தானே?” என்று இதோடு நாலு முறை கேட்டுவிட்டாள்.