ரேம் கேட்டவர்களே, கொஞ்சம் இங்கே வாருங்கள்

மூன்று நாள் தூக்கம் போச்சு. மூவாயிரம் எக்ஸ்எச்டிஎம்எல் ஃபைலை (வெப் பக்கங்கள்தான்) எக்ஸ்எஸ்எல்டி என்ற உருமாற்ற மொழி வழியாக மாற்றித் தரும் ஒரு ஜாவா ப்ரோக்ராம். ராத்திரி ஓடவிட்டால் காலையில் பாதிகூட முடிந்திருக்காது. உடனே மீட்டிங். "ரேம் பத்தாது." "ஜாவான்னாலே அப்படித்தான்." "எக்ஸ்எஸ்எல்டி 1999 சரக்கு, தூக்கிப் போடுங்க." ஆளுக்கொரு வைத்தியம்! ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரியான ஹீப்பை 2 ஜிபியிலிருந்து 8 ஆக்கினோம். ஒரு நிமிஷம் குறையவில்லை. சிபியு 4 சதவீதத்தில் குறட்டை விடுகிறது ஐயா, தூங்குகிறவனுக்கு எதற்கு இன்னொரு தட்டு சோறு?

கடைசியில், ப்ரோக்ராம் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் போட்டேன். பத்து விநாடி விட்டு விட்டு மூன்று முறை. மூன்றிலும் வேலை செய்ய வேண்டிய த்ரெட் ஒரே இடத்தில், நெட் இணைப்பான சாக்கெட்டில் பதிலுக்காகக் காத்துக்கொண்டு. டிஸ்கில் இருக்கும் ஃபைலை மாற்றுகிறவனுக்கு நெட்டில் என்ன வேலை?

ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இது எந்த வகை ஃபைல் என்று சொல்லும் ஒரு டாக்டைப் வரி. அதில் குறிப்பிட்டிருக்கும் டிடிடியை (அந்த வகையின் இலக்கண விதிகள்) எடுக்க, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சர்வர் வாசலில் ப்ரோக்ராம் போய் நிற்கிறது. அந்த டிடிடி சிறப்புக் குறியீடுகளின் பட்டியலான என்டிட்டி ஃபைல்கள் இன்னும் மூன்றை இழுக்கும். ஆக, ஃபைலுக்கு நாலு நடை. ஃபைல் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேஷனை ஆஃப் செய்திருந்தோமே என்றால், செய்திருந்தோம்தான். செய்தாலும் ஃபைலைப் படிக்கும் ஜாவா பார்சர் வெளி டிடிடியை எடுக்கப் போகும், அதைத் தனியாக நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 13 கோடி முறை வரை இதற்காகவே வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று டபிள்யூ3சி 2008-லேயே புலம்பியது. அப்படி வருகிறவர்களை வேண்டுமென்றே காக்கவும் வைத்தது. நியாயம்தான், நானாக இருந்தால் கதவையே திறக்க மாட்டேன்.

நாலு ஃபைலையும் ப்ரோக்ராமோடு வைத்து, நெட்டுக்குப் போகாமல் அவற்றையே எடுத்துக் கொடுக்க ஒரு என்டிட்டி ரிசால்வர் எழுதினேன். இருபது வரி.

சரி, தொலைந்தது என்று பார்த்தால் லூப்புக்குள்ளே இன்னொரு கூத்து. ஒவ்வொரு ஃபைலுக்கும், எப்படி மாற்றுவது என்று சொல்லும் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டை முதலிலிருந்து படித்து, கம்பைல் செய்து, மாற்றும் வேலைக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர். தோசைக்குத் தோசை மாவு அரைப்பார்களா? ஒரே முறை கம்பைல் செய்து டெம்ப்ளேட்ஸ் ஆப்ஜெக்டாக எடுத்து வைத்தால் எல்லா த்ரெட்டும் பகிர்ந்துகொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பகிரக்கூடாது, அது த்ரெட்டுக்கு ஒன்று. ஜாவாவின் டாகுமென்டேஷனிலேயே இருக்கிறது. யார் படித்தார்கள்?

இப்போது எல்லாம் ஆறு நிமிஷத்தில் முடிகிறது. அந்த 8 ஜிபி ஹீப் மட்டும் அப்படியே கிடக்கிறது. குறைக்க அப்ரூவல் வேண்டுமாம்.