மாடலில் மோதலே இல்லையாம், சைட்டில் பீமைக் குடையச் சொல்கிறார்கள்

பிஐஎம், பிஐஎம் (கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகக் கட்டிப் பார்க்கிற முறை) என்று காது கிழியப் பேசுகிறவர்கள் ஒரு நாள் சூளகிரிக்கு வந்து, இந்தத் தொழிற்சாலையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பாருங்கள். "க்ளாஷ் ஜீரோ", அதாவது மாடலில் எதுவும் எதோடும் மோதவில்லை என்று ரிப்போர்ட் வந்த தளம் இது. ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் போகிற சில்டு வாட்டர் பைப், மின்கம்பிகளைத் தாங்குகிற கேபிள் ட்ரேயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஜீரோ எப்படி வந்தது? பைப்பை வெறும் பைப்பாக வரைந்திருக்கிறார்கள். 8 அங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 219 மி.மீ. சுற்றிலும் 50 மி.மீ. இன்சுலேஷன் போட்டால் 319. அந்த 100 மி.மீ. மாடலில் இல்லவே இல்லை. பைப்பைத் தொங்கவிடும் ஹேங்கரும் இல்லை, வால்வைத் திருகக் கை நுழைய இடமும் இல்லை. சாஃப்ட்வேர் பாவம், கொடுத்ததைத்தானே பார்க்கும்?

சரி, மோதல் தெரிந்துவிட்டது என்றே வையுங்கள். யார் விலகுவது? வாராவாரம் ஆன்லைன் மீட்டிங். ஏசிக்காரர் பீமைக் குறைக்கச் சொல்வார். ஸ்ட்ரக்சர்காரர் "டிராயிங் அப்ரூவ் ஆயிடுச்சு சார்" என்பார். பிளம்பிங்காரர் மைக்கை அணைத்துவிட்டு டீ குடிப்பார். கடைசியில், "சைட்டில் பார்த்துக்கலாம்." சைட் என்றால் நான்!

கழிவுநீர்க் குழாயை 100-க்கு 1 சரிவில் போட்டால் 30 மீட்டருக்கு 30 செ.மீ. இறங்கியே ஆக வேண்டும். யார் அப்ரூவல் கொடுத்தாலும் தண்ணீர் மேட்டில் ஏறாது. அதனால் முதல் வழி அதற்கு. அப்புறம் ஏசி காற்று போகிற பெரிய டக்ட். வளைத்துக் கொண்டுபோக முடிந்த பைப்பும் ட்ரேயும் ஒதுங்க வேண்டும். டிப்ளமா முடித்த பையனுக்கே தெரிந்த விஷயம், ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்லித்தான் 2018-இல் ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. டெண்டரில் அந்த எண்ணை மட்டும் அழகாக அச்சடித்திருக்கிறார்கள்.

போன வாரம் கோர் கட்டிங், அதாவது பைப் போக பீமில் மெஷின் வைத்துத் துளை போடுவது. காவேரிப்பட்டணத்துத் தம்பி பாதித் துளையில் மெஷினை நிறுத்திவிட்டு, "அண்ணா, கம்பி தட்டுது, வெட்டிரட்டுமா?" என்கிறான். தூணிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. பீமில் ஷியர் (பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கிற விசை) அதிகம் வருகிற இடமே அதுதான். வேண்டாம் என்றேன். உடனே மேலிடத்திலிருந்து போன், "ஏன்யா வேலை நிக்குது?"

காங்கிரீட் போடுவதற்கு முன்னால் பைப் நுழைய ஒரு துண்டு பிவிசி ஸ்லீவ் (உறைக்குழாய்) வைத்திருந்தால் முடிந்திருக்கும். ஸ்லீவ் டிராயிங் வந்ததோ, ஸ்லாப் போட்டு ஷட்டரிங்கும் பிரித்த பிறகு!

கம்பியை வெட்டச் சொல்கிறவர் போனில் கத்தாமல் மெயிலில் எழுதி அனுப்பட்டும், வெட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன். இதுவரை ஒரு மெயிலும் வரவில்லை.